கேமரா வெளியே, ஆள் உள்ளே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை மழையும் ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வாசகர்கள் அனுப்பும் மின்னல் படங்கள் வர ஆரம்பித்துவிடும். நல்ல படம் என்றால் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதன் கீழே ‘உயிரைப் பணயம் வைத்து எடுத்தது’ என்று அச்சாகும் வரி, அதைப் படிக்கிற இளைஞர்களை அடுத்த மழைக்கு மொட்டைப் பாறையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நிலக்காட்சிப் படம் எடுக்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: மின்னல் படத்துக்கு உயிரைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை. மழைக்குள் நின்று எடுக்கிற படத்தைவிட, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ இருந்து எடுக்கிற படம்தான் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. அது ஏன் என்பதையும், எப்படி எடுப்பது என்பதையும் விவரமாக எழுதுகிறோம்.

முதலில், நம் பக்கத்தில் ஆட்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். இடுக்கி எல்லையில் ராமக்கல்மேட்டுப் பாறை. போடிமெட்டுச் சாலையில் பள்ளத்தாக்கைப் பார்த்த வளைவுகள். கொழுக்குமலைப் புல்வெளி. எல்லாமே மலை முகடு; ஆளைவிட உயரமாகச் சுற்றிலும் எதுவும் இல்லாத இடங்கள். ராமக்கல்மேட்டில் காற்றாலைகள் இருக்கின்றனவே, இடி அதன் மேல்தானே விழும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். விழும்தான். விழுந்த மின்னோட்டம் தரைக்குத்தான் வரும், அந்தத் தரையில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

இடி என்றால் நேராகத் தலையில் விழுவது என்றே பலரும் நினைக்கிறோம். மருத்துவ ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த கணக்கில், நேரடியாக இடி தாக்கிப் பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். பாதிப் பேருக்கு மேல் நிலத்தின் வழியே பரவும் மின்னோட்டத்தால் பாதிக்கப்படுகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம், மரத்திலோ கம்பத்திலோ இறங்கிய மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவுவது. மலையில் நில மின்னோட்டம் இன்னும் மோசம். கருங்கல் மின்சாரத்தை எளிதில் உள்ளே வாங்காது. அதனால் மின்னோட்டம் ஆழத்துக்கு இறங்காமல் நனைந்த மேற்பரப்பிலேயே நாலாபுறமும் ஓடும். இரண்டு கால்களையும் அகற்றி வைத்திருப்பவரின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். மேய்ச்சல் மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம்.

காட்சிமுனைகளில் பாதுகாப்புக்காகப் போட்டிருக்கும் இரும்புக் குழாய்க் கைப்பிடியும் இப்படித்தான். ட்ரைபாடை (கேமரா முக்காலியை) அதில் சாய்த்துக் கட்டி, முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்க்கலாம். ஐம்பது மீட்டர் தள்ளி, கைப்பிடியின் அந்தக் கோடியில் இடி இறங்கினாலும் குழாய் அதை இந்தக் கோடிக்குக் கொண்டுவந்துவிடும். ஏலத்தோட்ட முள்கம்பி வேலியும், யானை வராமல் போட்ட சோலார் வேலியும் இதே வேலையைச் செய்யும். பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலை முன்னணியில் வைத்து மின்னல் எடுக்க ஆசைப்படாதவர் குறைவு. அந்தப் பந்தல் முழுக்கக் கம்பி. ஏக்கர் கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்த கம்பி. பந்தலுக்குக் கீழே நிற்பது கூரைக்குக் கீழே நிற்பதாகாது. தனித்து நிற்கும் சில்வர் ஓக், தென்னை, பேருந்து நிழற்குடை, தகரக் கொட்டகை, வனத்துறைக் கண்காணிப்புக் கோபுரம் எல்லாம் மழைக்கு ஒதுங்க உதவுமே தவிர இடிக்கு ஒதுங்க உதவாது. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் அருகே ஆமேர் கோட்டையை ஒட்டிய காவல் கோபுரத்தில் மழையை ரசித்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இடி விழுந்து 11 பேர் இறந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் நாடு முழுவதும் இடி தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர்.

இனி படத்துக்கு வருவோம். கிட்டே போக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் லென்ஸிலிருந்து. கேமராவோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸை, அகலமாகக் காட்டும் 18-இல் வைத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மின்னலை எடுத்தால், படத்தில் அது நூல் மாதிரி, விரல் நக உயரத்தில் தெரியும். உடனே ‘இன்னும் பக்கத்தில் போகணும்’ என்று தோன்றிவிடுகிறது. லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைத் தன் உடம்பை வைத்துச் செய்கிற முயற்சி அது. கணக்கைப் பாருங்கள். மேகத்தின் அடிமட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் மின்னல் கோடு சுமார் ஆறு டிகிரி உயரம் இருக்கும். முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் போட்டால் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 85 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 135 போட்டால் பாதிக்கு மேல் நிரம்பும். சிறிய சென்சார் கேமராவில் 55 மி.மீ.யே 85 போல் வேலை செய்யும். அதாவது அந்த 18–55 லென்ஸின் மறுமுனையைத் திருகினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய 55–250 அல்லது 70–300 ஒன்று கிடைத்தால் மீதியும் தீர்ந்தது.

தள்ளி நிற்பதில் வேறு ஆதாயங்களும் இருக்கின்றன. கிட்டே நின்றால் மேகத்தின் அடிவயிறு மட்டும் தெரியும். முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்றால் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, உச்சியில் பட்டறைக்கல் போல விரிந்த முழு மேகமும் 50 மி.மீ. லென்ஸில் அடங்கும்; உள்ளுக்குள் வெட்டும் மின்னலில் அது விளக்குக்கூண்டாக ஒளிரும். லென்ஸில் மழைத்துளி விழாது. மழைத் திரை நடுவில் வந்து மின்னலை மங்கடிக்காது. காற்று ட்ரைபாடை ஆட்டாது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது இயற்கையாகவே வாய்த்த வசதி. உத்தமபாளையத்திலிருந்தும் போடியிலிருந்தும் மேற்கு முகடு பத்து கிலோமீட்டர் சொச்சம், சின்னமனூரிலிருந்து பதினைந்து, தேனியிலிருந்து இருபத்தைந்து. இடுக்கிப் பக்கம் மூளும் இடிமழையை முகட்டின் கருநிழலோடு சேர்த்து எடுக்கலாம். ஒரு குறை சொல்ல வேண்டும்: முகட்டுக்கு அப்பால் விழும் மின்னலின் கடைசிப் பகுதியை மலை மறைத்துவிடும். தரையைத் தொடும் இடம் படத்தில் வராது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் மலை இன்னும் கிட்டே இருப்பதால் தென்காசிக்குக் கிழக்கே தள்ளிப்போய் எடுப்பது நல்லது. பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் இன்னும் விசாலமான வானம்.

காலம் தெரிந்து காத்திருந்தால் அலைச்சல் மிச்சம். ஆனி, ஆடிச் சாரலில் மழை கொட்டினாலும் இடி குறைவு; அந்த மேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. மின்னலுக்கு உரியவை சித்திரை, வைகாசிக் கோடை மழையும், கேரளத்தில் துலாவர்ஷம் என்று சொல்லும் ஐப்பசி, கார்த்திகை மழையும். இரண்டிலுமே காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறி, பிற்பகலில் மேகம் எழும்பி, இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை வெட்டும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மின்னல் எச்சரிக்கையில் சொல்லும் நேரமும் இதுதான். படத்துக்கு ஏற்றது பொழுது சாய்ந்தபின் ஒரு மணி நேரம். வானத்தில் நீலம் இருக்கும், மலை விளிம்பு தெரியும், கீழே ஊர் விளக்குகளும் ஏறியிருக்கும்.

எச்சரிக்கை பார்ப்பதில் எல்லைப்புறத்துக்காரர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. தேனி மாவட்டத்துக்கு எச்சரிக்கை இல்லை என்று பார்த்துவிட்டுப் போடிமெட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். அங்கே நின்றால் ஒரு கால் இடுக்கியில். வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. சென்னை மையத்தின் அறிவிப்பையும் திருவனந்தபுரம் மையத்தின் அறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தென்காசிக்காரர்கள் கொல்லத்தையும், கோவைக்காரர்கள் பாலக்காட்டையும், குமரி மாவட்டத்தார் திருவனந்தபுரத்தையும் பார்க்க வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கடந்த சில நிமிடங்களில் மின்னல் எங்கெங்கே விழுந்தது என்று வரைபடத்தில் காட்டுகிறது. மலை வளைவில் சிக்னல் போய்விட்டால் திரையில் நிற்பது பழைய நிலவரம். அதை நம்பி நிற்கக் கூடாது.

செயலி இருந்தாலும் காதுதான் கடைசிக் கருவி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடி என்றால் பத்து கிலோமீட்டர். அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேல் விழுவதற்கு அந்தத் தூரம் போதும். மழையே இல்லாத இடத்தில், மேகத்தின் பக்கவாட்டிலிருந்து பல கிலோமீட்டர் நீண்டு வந்து விழும் மின்னல்கள் உண்டு. மின்னலைப் பார்த்து முப்பது நொடிக்குள் இடி கேட்டுவிட்டால் உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இடைவிடாமல் வெட்டும்போது எந்த இடி எந்த மின்னலுடையது என்று பிரிக்க முடியாது. அப்போது எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இடி காதில் விழுந்தாலே உள்ளே போய்விடுங்கள். அருவிச் சத்தத்திலும் காற்றாலைக்கு அடியிலும் எதிர்காற்றிலும் தூரத்து இடி காதில் விழாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டிருக்கும் மேகத்திலிருந்து வருவதில்லை. கண் முன்னால் மேற்கே பார்த்தபடி இருக்கும், முதுகுப் பக்கம் முகட்டில் புதிதாக ஒரு மேகம் அரை மணி நேரத்தில் எழும்பிவிடும். அதன் முதல் மின்னலுக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் ஏதோ ஒரு மேகம் கொட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தலைக்கு மேலும் பின்னாலும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் பத்து கிலோமீட்டர் என்பது வெறும் இருபது நிமிடம். காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பாறையில் ஏறிப்போனவர் எப்போது திரும்புவார்?

அனுபவம் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்கரான டிம் சமராஸ், மின்னல் பிறக்கும் கணத்தைப் பிடிக்க அதிவேகக் கேமராவோடு பல ஆண்டுகள் உழைத்த புயல் ஆய்வாளர். அந்தத் துறையில் மிக எச்சரிக்கையானவர் என்று பெயரெடுத்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் சுழற்காற்று எதிர்பாராமல் திசையும் வேகமும் மாறியதில் மகன் பாலும் சக ஆய்வாளர் கார்ல் யங்கும் உடனிருக்க மூவருமே இறந்தார்கள்.

சரி, எப்படி எடுப்பது? கேமரா வெளியே இருக்கட்டும், ஆள் உள்ளே இருக்கட்டும். இதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். இன்றைய கேமராக்கள் பலவற்றில் இடைவெளி விட்டுத் தொடர்ந்து எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் தொடர் படம் முறையில் வைத்து, பூட்டக்கூடிய ஒயர் ரிமோட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, ரிமோட்டை ட்ரைபாடிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்துவிடலாம். ஒயரை வீட்டுக்குள் இழுத்து வந்து கையில் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

மேகம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், தடித்த கால்களை மட்டும் நீட்டி, இடுப்பளவுக்குக் கீழே வையுங்கள். நடுக்கொக்கியில் மூன்று நான்கு கிலோ மணல் பையைத் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் காற்றில் ஊஞ்சலாடாது. லென்ஸுக்கு மறைப்புக் குழல் போட்டு, தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை லென்ஸ் முனையில் ரப்பர் வளையத்தால் இறுக்கி, பின்பக்கம் திறந்து தொங்கவிடுங்கள். முழுக்க மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கண்ணாடி மங்கிவிடும். ஃபோகஸை லென்ஸில் குறித்திருக்கும் முடிவிலிக் குறியில் வைத்துவிட்டுப் போனால் பல லென்ஸ்களில் படம் மசங்கிவிடும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, தொலைவில் மலைமேல் தெரியும் விளக்கு ஒன்று சிறு புள்ளியாகும்வரை திருகி, தானியங்கி ஃபோகஸை அணைத்து, வளையத்தில் ஒட்டுநாடா போட்டுவிடுங்கள். நடுக்கம் தவிர்க்கும் வசதியையும் அணைக்க வேண்டும். ட்ரைபாடில் அதுவே நடுக்கத்தை உண்டாக்கும். மிக முக்கியமாக, நீண்ட எக்ஸ்போஷருக்கான (பல நொடி ஒளியை உள்ளே விட்டு எடுக்கும் படத்துக்கான) இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது நொடிப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு இருபது நொடி ஒன்றும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கும். பாதி மின்னல் அதிலேயே போய்விடும்.

பத்து நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்தால் மணிக்கு 360 படம். ரா கோப்பு (கேமரா பதியும் மூலக் கோப்பு) ஒன்று 25 எம்.பி. என்றால் மணிக்கு 9 ஜி.பி. ஆக, 64 ஜி.பி. கார்டும் முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியும் ஒரு மாலைக்குத் தாராளம். நடுவில் லென்ஸில் துளி விழுந்துவிட்டதே, துடைத்துவிட்டு வரலாமே என்று ஓடும் அந்த அரை நிமிடத்தைத்தான் நாங்கள் அஞ்சுகிறோம். விழுந்தால் விழட்டும். அன்றைய படம் போனால் போகட்டும்.

வீட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு: மொட்டை மாடி வீட்டின் பகுதியாகத் தோன்றினாலும் இடிக்கு அது வெட்டவெளியே. மேல்நிலைத் தொட்டி, டிஷ் ஆன்டெனா, கொடிக்கம்பி, இரும்புக் கைப்பிடி எல்லாம் அங்கேதான். கேமராவை மாடியில் விடலாம், நீங்கள் கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ளறையில் இருக்க வேண்டும். ஜன்னல் வழியே எடுத்தால் கேமரா மட்டும் ஜன்னலருகே இருக்கட்டும், கம்பியைத் தொடாமல் நீங்கள் ஒரு எட்டுத் தள்ளி இருங்கள். கேமராவைச் சுவர் மின்இணைப்பில் சார்ஜ் போட்டபடி இயக்க வேண்டாம்.

காரிலிருந்து எடுப்பதானால் உலோகக் கூரையும் கதவும் உள்ள கார்தான் கணக்கு. காப்பாற்றுவது டயர் ரப்பர் அல்ல. மின்னோட்டம் உலோகக் கூட்டின் வெளிப்புறம் வழியே தரைக்குப் போய்விடுவதுதான் காரணம். அதனால் பைக், ஆட்டோ, துணிக்கூரை ஜீப் எதுவும் ஆகாது. தனி மரத்தடி, மின்கம்பிக்குக் கீழ், ஓடைப் பாலம், மண் சரியும் மலை வளைவு இவை தவிர்த்து, சாலையை மறிக்காத திறந்த இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு இஞ்சினை அணையுங்கள். இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி டேஷ்போர்டில் வைத்து அதில் கேமராவைப் பதித்தால் ட்ரைபாடைவிட உறுதியாக உட்காரும். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணி போர்த்துங்கள். இல்லையென்றால் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு படத்தில் விழும். மழை அங்கே வந்துவிட்டால் கதவுப் பிடி, ஸ்டீரிங், சார்ஜர் ஒயர் எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போஷர் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருப்பதால் இதைத் தெளிவாகச் சொல்கிறோம். மின்னல் கோட்டின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளி உணர்திறன்) மட்டுமே. ஷட்டர் பத்து நொடி திறந்திருந்தாலும் முப்பது நொடி திறந்திருந்தாலும் மின்னல் தன் நேரத்துக்குத்தான் வெட்டும். ஷட்டர் நேரம் வானத்தின் நீலத்தையும் ஊர் விளக்கையும்தான் கூட்டும், குறைக்கும். ஐஎஸ்ஓ 100 வைத்து, பத்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு எஃப்/8-இல் தொடங்கலாம். இருபதுக்கு மேல் எஃப்/5.6. முப்பதைத் தாண்டினால் எஃப்/4 அல்லது ஐஎஸ்ஓ 400. கோடு வெள்ளைப் பட்டையாகத் தடித்துவிட்டால் ஒரு நிறுத்தம் (ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி) மூடுங்கள். நீங்கள் எஃப்/16-க்கு மூட வேண்டி வந்தால் மின்னல் மிக அருகில் வந்துவிட்டது. சரிசெய்ய வேண்டியது அப்பர்ச்சரை அல்ல, நீங்கள் நிற்கும் இடத்தை. வெள்ளைச் சமநிலையை (நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) 4,000 முதல் 4,500 கெல்வினில் வைத்தால் வானம் மஞ்சளடிக்காது.

பகலில் எடுப்பது கடினம். ஆறு நிறுத்த என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு, எஃப்/11-இல் அரை நொடி, ஒரு நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுப்பது ஒரு வழி. மின்னல் ட்ரிகர் என்று விற்கும் சாதனம் முதல் ஒளிக்கீற்றைக் கண்டு ஷட்டரைத் திறக்கும். கேமரா திறக்கவே நொடியில் இருபதில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ ஆகிவிடும். ஒரே பாதையில் மூன்று நான்கு தரம் அடுத்தடுத்து வெட்டும் மின்னல் என்றால் இரண்டாவது மூன்றாவது வெட்டு அகப்படும். ஒற்றை வெட்டு தப்பிவிடும், அது சாதனத்தின் குற்றமல்ல. செல்போன்காரர்கள் நொடிக்கு 60 சட்டம் வீதம் வீடியோ எடுத்து அதிலிருந்து படத்தைப் பிரிப்பதே எளிது. பாதிப் படம் வெளிறியும் பாதி இருண்டும் வந்தால் சென்சார் வரிவரியாகப் படிப்பதுதான் காரணம்.

இன்னொரு விஷயத்தையும் வாசகர்கள் அறிய வேண்டும். ஒரே வானத்தில் பத்து இருபது மின்னல்கள் ஒருசேரப் பாயும் படங்கள், அசையாத கேமரா ஒரு மணி நேரம் எடுத்த படங்களை அடுக்கிச் சேர்த்தவை. அதில் தப்பில்லை, நாங்களும் செய்கிறோம். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், அப்படி ஒரு நொடி மலையில் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் ஏறிப்போவார்.

யாராவது தாக்கப்பட்டால் அவரைத் தொடப் பயப்பட வேண்டாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மேகம் இன்னும் மேலே இருந்தால் முதலில் அவரைக் காருக்கோ கட்டடத்துக்கோ கொண்டுபோங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவில் ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம் அழுத்துங்கள்; பயிற்சி உள்ளவர்கள் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். மின்னல் தாக்கியதில் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு திரும்பத் தாமதமாகும் என்பதால் அந்த மூச்சு முக்கியம். பலர் விழுந்து கிடந்தால் முனகுபவரை விட்டுவிட்டு அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளின் வழக்கத்துக்கு இது நேர்மாறு. முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். எழுந்து நடப்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பையும் செவிப்பறையையும் பார்க்க வேண்டும்.

குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இறந்தார்கள். வனப்பகுதி மலையேற்றத்துக்கு அனுமதி கேட்டுப் போவது கட்டாயம். மேகம் பார்க்கக் குறுக்குவழியில் ஏறுபவர்களுக்கும் அது பொருந்தும். அனுமதியின்றி ஏறியவர் எங்கே இருக்கிறார் என்பதே கீழே யாருக்கும் தெரியாது.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. மின்னல் படம் அனுப்புபவரிடம் எங்கிருந்து எடுத்தார், மேகம் எவ்வளவு தொலைவில் இருந்தது, வீடா காரா, ஒற்றைப் படமா அடுக்கியதா என்ற விவரங்களைக் கேட்டு வாங்கிப் படத்தின் கீழே அச்சிடுங்கள். ‘துணிச்சல்’ என்ற சொல் இருந்த இடத்தில் இந்த நான்கு தகவல்களும் அடங்கிவிடும். பாறை மேல் ஆளை நிற்கவைத்துப் பின்னணியில் மின்னலோடு வரும் படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியிடாதீர்கள். இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் ராமக்கல்மேடு, போடிமெட்டு போன்ற காட்சிமுனைகளின் இரும்புக் கைப்பிடியிலேயே, இடி கேட்டால் இதைத் தொடாதீர்கள், வண்டிக்குத் திரும்புங்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்கத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் எழுதினால் இந்த ஆண்டே பயன்படும்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கு நிலக்காட்சிப் படக்காரர்கள் சிலர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.